ஈவன் போலண்ட் எழுதியது இரவல் துக்கமா?

மழைக்காகம்:
ஐரிஷ் கவிஞர் போலண்டின் "குவாரண்டைன்" கவிதையை எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுறீங்க. 1847, அயர்லாந்துப் பஞ்சம். ஏழைவிடுதியிலிருந்து கிளம்பிய ஒருவன், காய்ச்சல் கண்ட மனைவியை முதுகில் சுமந்து நடக்கிறான். காலையில் ரெண்டு பேரும் பிணம், அவள் பாதங்கள் அவன் நெஞ்செலும்போடு ஒட்டியபடி. நல்ல கவிதைதான். எழுதியவர் தூதரின் மகள். லண்டன், நியூயார்க்கில் வளர்ந்து ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்தியவர். பட்டினிச் சாவைப் பாட இவர் யார்?

தேன்சிட்டு:
அந்தக் கேள்வியை அவரே கேட்டுக்கொண்டார், அவருடைய "அக்கில் பெண்" கவிதை படிச்சீங்களா? கல்லூரி மாணவியாக அயர்லாந்தின் அக்கில் தீவில் தங்கியபோது, தண்ணீர் சுமந்து வரும் ஒரு பெண்ணோடு பேசுகிறார். பேசிவிட்டு உள்ளே போய் பரீட்சைக்காக ஆங்கில அரசவைக் கவிஞர்களைப் படிக்கிறார். யாரோடு பேசினோம் என்பதே அப்போது அவருக்கு உறைக்கவில்லை. கவிதையே அதுதான். அந்த நாட்டில் பெண் என்றால் அன்னை அயர்லாந்து, பாட்டுக்குப் பொருள், பாடுகிறவள் இல்லை. 1991இல் மூன்று தொகுதியாக வந்த ஃபீல்ட் டே என்ற ஐரிஷ் இலக்கியத் தொகைநூலில் பெண்கள் அவ்வளவு குறைவு. சண்டை போட்ட பிறகு 2002இல்தான் பெண்களுக்கென்று இன்னும் ரெண்டு தொகுதி வந்தது.

மழைக்காகம்:
பாடுகிறவள் இல்லையா? 1773இல் ஆர்ட் ஓ லியரியைச் சுட்டுக் கொன்றதும் மனைவி ஐலீன் டுவ் பாடிய ஒப்பாரி இருக்கே. ரத்தம் தோய்ந்த சேணத்தோடு குதிரை மட்டும் வீட்டுக்கு வருது. அதில் ஏறிப் பாய்ந்து போய், அவன் ரத்தத்தைக் கையில் ஏந்திக் குடிக்கிறாள். சொந்தத் துக்கம்னா அது.

தேன்சிட்டு:
அவங்களும் டெரினேன் ஓ கானல் குடும்பம் சார், வசதியான வீடு. அந்தப் பாட்டும் ஏட்டில் ஏறுமுன் பல ஒப்பாரிக்காரிகளின் வாய்வழியே வந்தது. எந்த வரி ஐலீனுடையது, எது பாடியவளுடையது, பிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்.

நெய்தல்வாசி:
ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வார்த்தை. யாருடைய துக்கம்னு பேசும்போது மொழியை விட்டுட்டீங்க. ஐலீன் பாடியது ஐரிஷில், போலண்ட் எழுதியது ஆங்கிலத்தில். கவிஞர் நுவாலா நீ கோனல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தும் கவிதையை ஐரிஷில்தான் எழுதுகிறார்.

மழைக்காகம்:
அது தனி இழை போடுற விஷயம். அக்கில் கவிதையில் அந்தத் தயக்கம் இருக்கு, ஒத்துக்கிறேன். குவாரண்டைனில் எங்கே?

தேன்சிட்டு:
அதில் அந்தப் பெண்ணின் குரலில் ஒரு வரியாவது இருக்கா? கவிதை வெளியே நின்றுதான் பார்க்கிறது. காதல் கவிதை எதுவும் இந்த வாசலுக்கு வரக்கூடாது என்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பது கவிஞர்கள், போலண்டும் சேர்த்துத்தான்.