‘பிழைக்குறி’ வேண்டாம், ‘பழுதறிகுறி’ என்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

வண்டியில் ஏதோ சரியில்லை என்றால் எஞ்சின் கணினி பதிந்துவைக்கும் குறியீட்டை ‘கோடு’ (code) என்கிறோம். அதைப் படிக்கும் செயலியைத் தமிழாக்கும்போது, அந்தக் கோடுக்கு இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன: பிழைக்குறி, பழுதுக்குறி. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஏன் என்று என் வண்டியை வைத்தே சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் பெட்ரோல் காரில் செக் லைட் எரிந்தது. ஸ்கேன் போட்டதில் பி0171. கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இங்கே பெங்களூரில் முதலில் விட்ட சர்வீஸ் சென்டரில் திரையைப் பார்த்தார்கள், ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள், கோடை அழித்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாளே விளக்கு மறுபடி எரிந்தது.

பிறகு சிவாஜிநகரில் ஆம்பூர்க்கார மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. வண்டியை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஃப்யூல் ட்ரிம் எண்ணைப் பார்த்தார்; கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் அது. பெட்ரோலை 22 சதவீதம் கூட்டி ஊற்றிக்கொண்டிருந்தது எஞ்சின். ஆக்சிலரேட்டர் கொடுத்து 2500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தியதும் எண் 6-க்கு இறங்கியது. “சென்சார் உண்மையத்தான் சொல்லுது சார். காத்து வேற எங்கியோ உள்ள போவுது” என்றார். ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கிற காற்றே கொஞ்சம்; கசிவின் பங்கு அதில் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அதே கசிவு சிறு பங்காகிவிடும்.

அப்புறம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதிக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனார். வளைவின் அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு வெடிப்பு. விரலால் அடைத்ததும் ‘உஸ்’ சத்தம் நின்றது, எஞ்சினின் நடுக்கமும் அடங்கியது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி உள்ளே போனதால் அந்தக் காற்று கணக்கிலேயே வரவில்லை. ஹோஸை மாற்றினோம், வேலை முடிந்தது.

‘பழுதுக்குறி’ என்று திரையில் எழுதினால், படிப்பவர் அதைப் பழுதான பாகத்தின் பெயர் என்றே எடுத்துக்கொள்வார். எனக்கு நடந்தது அதுதான். ‘பிழை’யோ எழுத்திலும் நிரலிலும் நேர்வது, இங்கே எஞ்சின் கணினி ஒரு பிழையும் செய்யவில்லை.

ஆகவே ‘பழுதறிகுறி’. பழுது + அறிகுறி என்று பிரித்தால் பழுதின் அறிகுறி. பழுதறி + குறி என்று பிரித்தால் பழுதை அறிய உதவும் குறி. இரண்டு பொருளும் நமக்கு வேண்டியவை. வினைத்தொகை என்பதால் நடுவே ‘க்’ மிகாது, தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள். நீளம் என்று யாராவது சொல்லக்கூடும்: பிழைக்குறிக்கு ஐந்து எழுத்து, இதற்கு ஆறு.

கூடவே வரும் சொற்களையும் இப்போதே தீர்த்துவிடலாம். பெரும்பாலான கோடுகள் முதல் ஓட்டத்தில் பதிவாகி, அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கை எரிக்கும். முன்னதற்கு ‘ஐயநிலை’, பின்னதற்கு ‘உறுதிநிலை’. கோடு விழுந்த நேரத்தின் ஆர்.பி.எம்., கூலன்ட் சூடு, வேகம் எல்லாம் சேர்ந்த பதிவுக்கு ‘உறைசட்டகம்’ என்று போட்டிருக்கிறோம். பட்டறையில் ஒருவருக்கும் புரியாது. ‘கணப்பதிவு’ போதும்.

கோடின் முதல் எழுத்தை மட்டும் திரையில் ஆங்கிலத்திலேயே விடுங்கள். இந்தக் கடிதத்தில் ‘பி’ என்று எழுதிவிட்டேன், ஆனால் எஞ்சின் வகைக்கான எழுத்தும் பாடி வகைக்கான எழுத்தும் தமிழில் ஒரே ‘பி’ ஆகிவிடும். வண்டியில் அவை வேறு வேறு உலகம்.

கடைசியாக, செயலியில் கோடை அழிக்கும் பொத்தான். இப்போது ‘சரிசெய்’ என்று இருக்கிறது. அது எதையும் சரிசெய்வதில்லை. கோடையும் கணப்பதிவையும் சேர்த்துத் துடைக்கிறது. ‘அழி’ என்று மாற்றி, அழுத்தும் முன் “கணப்பதிவும் போய்விடும், குறித்துக்கொண்டீர்களா?” என்று கேட்க வையுங்கள்.