தோஹாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். இப்போதே ஊருக்கு அனுப்பிவிடலாமா?

நஜ்மாக்காரன் | 17 ஜூன் 2025, இரவு 10:40

வணக்கம் நண்பர்களே. கத்தாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு வேலை. மனைவி, மூன்றாம் வகுப்புப் பையன், எல்கேஜி போகும் பெண் எல்லாரும் என்னோடுதான் இருக்கிறார்கள். 13ஆம் தேதி இஸ்ரேல் ஈரானை அடித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் ஒழுங்கான தூக்கம் இல்லை. இரவில் பால்கனியில் நின்றால் வடக்கே வானத்தில் ஏதோ கோடு கோடாகப் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடியோ அனுப்புகிறார்கள்.

கோடை விடுமுறைக்கு ஜூலை 4ஆம் தேதிக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருக்கிறோம். அதை முன்னால் தள்ளினால் கேட்கிற பணம் என் ஒரு மாத வாடகையைத் தாண்டுகிறது. மாமியார் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்து "பிள்ளைகளை மட்டுமாவது ஏற்றிவிடுங்கள் மாப்பிள்ளை" என்று அழுகிறார். அலுவலகத்திலோ மேனேஜர், "இதுக்கெல்லாம் லீவு கேட்டா நாளைக்கு யாருமே இருக்க மாட்டாங்க" என்கிறார். என் பாஸ்போர்ட்டும் அவர்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

போதாக்குறைக்கு வாட்ஸப்பில் இரண்டு செய்திகள் சுற்றுகின்றன. ஈரான் அணு உலை வெடித்தால் மூன்று நாளில் கத்தாரில் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பது ஒன்று. எல்லாரும் அயோடின் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பது இன்னொன்று. இரண்டு மருந்துக்கடையில் கேட்டுவிட்டேன், இல்லை என்றார்கள்.

பழைய ஆட்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அனுப்பலாமா, வேண்டாமா?

---

துபாய்மச்சான் | 17 ஜூன், இரவு 11:05

ஒன்றும் ஆகாது பாஸ். ஈரானும் கத்தாரும் கடலுக்கடியில் ஒரே எரிவாயு வயலைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குள் பகை கிடையாது. அதுவும் போக, அமெரிக்கப் படைத்தளம் இருக்கிற ஊரில் எவன் கை வைப்பான்? நிம்மதியாகத் தூங்குங்கள்.

---

கிழக்குக்கரை | 17 ஜூன், இரவு 11:32

மேலே சொன்னவருக்கு: அந்தத் தளம் இருப்பதால்தானே பயமே! அல் உதெய்த் தோஹாவிலிருந்து காரில் அரைமணி நேரம்தான். இந்தப் பகுதியிலேயே பெரிய அமெரிக்கத் தளம், பத்தாயிரம் பேர்வரை இருக்கிறார்கள். அமெரிக்கா சண்டையில் இறங்கினால் ஈரான் முதலில் எங்கே பார்க்கும்? என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லிவிட்டு அப்புறம் தூங்கச் சொல்லுங்கள்.

---

பழைய குவைத்வாசி | 18 ஜூன், காலை 6:15

தம்பி, நான் இப்போது ஊரில்தான் இருக்கிறேன், ஓய்வு பெற்றாகிவிட்டது. 1990இல் குவைத்தில் இருந்தவன். ஷுவைக்கில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை, ஃபர்வானியாவில் அறை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே இருவர் பேசியிருப்பது மாதிரியேதான் அன்றும் பேசினோம். ஜூலை கடைசியில் ஈராக் படை எல்லையில் குவிந்திருக்கிறது என்று பேப்பரில் வந்துகொண்டே இருந்தது. எண்ணெய் விலை, கடன், எல்லையில் இருந்த ருமைலா எண்ணெய் வயல் என்று காரணமும் எழுதினார்கள். எங்கள் அறையில் ஒரு கட்சி, "அரபுக்காரர்கள் அண்ணன் தம்பிகள், ஜெத்தாவில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுவார்கள்" என்றது. இன்னொரு கட்சி, "வெறும் பேச்சுக்கு எதற்கு இத்தனை டாங்கி?" என்றது. ஜெத்தா பேச்சு முறிந்தது ஆகஸ்ட் 1. மறுநாள் வியாழக்கிழமை விடியும்போது ஈராக் படை உள்ளே வந்துவிட்டது. வாதத்தில் ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே அறையில்தான் அடைந்து கிடந்தோம்.

எங்களை வதைத்தது குண்டு என்று நினைக்காதீர்கள். பணமும் காகிதமும்தான். வங்கி மூடிவிட்டது. அன்றைக்கு ஒரு குவைத் தினார் ஏறக்குறைய 60 ரூபாய். ஈராக் முதலில் தன் தினாரும் குவைத் தினாரும் சமம் என்று அறிவித்தது, அப்புறம் குவைத் தினாரே செல்லாது என்றது. வருஷக்கணக்கில் சேர்த்ததை வங்கியிலேயே விட்டிருந்தவர்கள் ரொட்டிக் கடை வரிசையில் கடன் கேட்டு நின்றார்கள். மாதாமாதம் ஊருக்கு டிராஃப்ட் எடுத்து அனுப்பியவர்களைக் கஞ்சன் என்று கேலி செய்திருந்தோம். அந்தக் கேலி அன்றோடு நின்றது.

அடுத்தது பாஸ்போர்ட். ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். குவைத்திகள் நிறையப் பேர் வெளிநாட்டில் விடுமுறையில் இருந்தார்கள். என் அறைத்தோழர் ஒருவருடைய முதலாளியும் அப்படித்தான். பாஸ்போர்ட் அவருடைய இரும்புப் பெட்டிக்குள். இப்படி நிறையப் பேருக்கு நம் தூதரகம் தற்காலிகச் சான்று எழுதிக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கான வரிசை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த வழி பலருக்குத் தெரிந்ததுதான். அப்போதைய வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைப் பார்த்தார். அவர் சதாமைக் கட்டித் தழுவியதை அன்று பலர் திட்டினார்கள். அந்த பஸ்ஸில் ஏறியவன் என்ற முறையில் எனக்கு அதில் புகார் இல்லை. குவைத்திலிருந்து பஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை. நடுவில் பாலைவனத்தில் கூடாரம். லாரியிலிருந்து தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் வீசுவார்கள், ஓடிப் பிடிக்க வேண்டும். படித்தவன், மேஸ்திரி என்ற வித்தியாசமெல்லாம் அங்கே இல்லை. பிறகு அம்மான், அங்கிருந்து ஏர் இந்தியாவில் பம்பாய், தாதர் எக்ஸ்பிரஸில் சென்னை. 59 நாளில் 488 விமானம், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்தக் கணக்கில் நானும் ஒருவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்பாடு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் ஈராக் எண்ணெய்ப் பணத்திலிருந்து ஈடு கொடுத்தது. குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்த தனியாளுக்கு 2,500 டாலரிலிருந்து 4,000 டாலர்வரை, குடும்பத்துக்கு அதன் இரட்டிப்பு. பணம் வர வருஷக்கணக்கானது. விண்ணப்பம் வந்தபோது பழைய விசா நகல், சம்பளச் சீட்டு என்று வீட்டுப் பரணையே கவிழ்த்துத் தேடினோம். பொருள் இழப்புக்குத் தனியாகக் கேட்டவர்களிடம், என்ன இருந்தது, என்ன போனது என்பதற்குக் காகிதம் கேட்டார்கள்.

சரி, உங்கள் விஷயம். அன்று நாட்டையே பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஏவுகணைகள் தலைக்கு மேலே போகின்றன. இரண்டும் ஒன்றல்ல. கத்தாருக்குள் டாங்கி வரும் என்று நான் நினைக்கவில்லை. வானம் சில மணி நேரமோ சில நாளோ மூடப்படலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

நாளை காலை முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். கத்தார் சட்டப்படி கம்பெனி அதை வைத்துக்கொள்ளக் கூடாது, 2015ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. சண்டை போடாமல், "தூதரகத்தில் பதிய வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். வேலை ஒப்பந்தம், பத்தாக்கா (கத்தார் அடையாள அட்டை), சம்பளச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஊரில் உங்கள் அண்ணனோ தம்பியோ யாராவது ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். சேமிப்பில் அங்கே தேவைப்படாததை ஊர் வங்கியில் உள்ள என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியர்) கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு மாதச் செலவு ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். வீட்டை அரிசி மூட்டையால் நிரப்ப வேண்டாம்.

டிக்கெட்டுக்கு வருகிறேன். என் கணக்கில் ஜூலை 4 போதும். ஆனால் உங்கள் மனைவி இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த ஒரு மாத வாடகை பெரிய பணமில்லை, கொடுத்து அனுப்பிவிடுங்கள். போரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீங்கள் மட்டும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பணிக்கொடைக் கணக்கையெல்லாம் பயத்தில் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

---

சால்மியா அம்மா | 18 ஜூன், மதியம் 1:20

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். நாங்கள் இப்போது குவைத்தில் இருக்கிறோம். இங்கே வயதான குவைத்திப் பெண்கள் 90 என்ற பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது.

தம்பி, ஒரே ஒரு விஷயம். ஊர்ச் சேனல்களை வீட்டில் அணைத்துவிடுங்கள். சைரன் சத்தத்தைப் பின்னணி இசையாக வைத்துச் செய்தி வாசிக்கிறார்கள். என் பையன் அதைக் கேட்டு நிஜ சைரன் என்று கட்டிலுக்கடியில் போய்விட்டான். அம்மாவிடமும் மாமியாரிடமும் ஒரு நேரம் வைத்து நீங்களே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். நாம் கூப்பிட்டால் அவர்களுக்குப் பயம் குறைகிறது, அவர்கள் கூப்பிட்டு நாம் எடுக்காவிட்டால்தான் கலவரம்.

---

உப்புத்தண்ணி | 21 ஜூன், மாலை 4:50

தண்ணீர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு நிலையத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

"மூன்று நாள்" என்பது முழுக் கட்டுக்கதை இல்லை. கத்தார் பிரதமரே கடந்த மார்ச்சில் ஒரு பேட்டியில் சொன்னார். கடல் கெட்டுப்போனால் மூன்று நாளில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று முன்பு கணக்குப் போட்டோம், அதனால்தான் பெரிய தேக்கங்கள் கட்டினோம் என்பது அவர் சொன்னதன் சாரம். வாட்ஸப்பில் பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் அனுப்புகிறார்கள்! அந்தப் பெருந்தேக்கங்கள் 2018 இறுதியிலேயே திறக்கப்பட்டுவிட்டன. சில நாட்களுக்கு நாடு தாங்கும்.

அடுத்து, எது அணு உலை, எது இல்லை என்று பிரித்துப் பாருங்கள். இதுவரை அடிபட்டவற்றில் முக்கியமான நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் இடம். ஃபோர்தோவும் அதே வகைதான். அங்கே உடைப்பு ஏற்பட்டால் ஆபத்து பெரும்பாலும் அந்த வளாகத்துக்குள்ளும் அருகிலும்தான், அதுவும் வேதியியல் நச்சு முக்கியம். தோஹாவிலிருந்து ஃபோர்தோ கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். நாம் உண்மையில் கவலைப்பட வேண்டியது கடற்கரையில் இருக்கும் புஷேர் மின் உலை ஒன்றைத்தான். ரஷ்யர்கள் கட்டி முடித்தது. தோஹாவுக்கு நேர் வடக்கே சுமார் 400 கிலோமீட்டர், குவைத்துக்கு இன்னும் கிட்டே. நேற்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் குரோசி குறிப்பாக அதைத்தான் தொடக்கூடாது என்று எச்சரித்தார். அதை யாரும் இதுவரை அடிக்கவில்லை.

அப்படியே கடலில் கலந்தாலும் வளைகுடா நீரோட்டம் பொதுவாக இடஞ்சுழியாக ஓடுகிறது. ஈரான் கரையோரம் வடமேற்கே ஏறி, சவூதிக் கரையோரம் இறங்கி நம் பக்கம் வர வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடாது. உள்ளே இழுக்கும் நீரைச் சோதித்து, தேவைப்பட்டால் நிலையத்தை நிறுத்த நேரம் கிடைக்கும். ஆனால் ரொம்ப நாள் நிறுத்தினால் தேக்கம்தான் துணை. அதைப் பூசி மெழுக நான் தயாரில்லை. இந்தக் கடலின் சராசரி ஆழமே 35 மீட்டர்தான்.

அயோடின் மாத்திரை தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினிலிருந்து காக்க மட்டும். அது உலை விபத்தில் வெளிவரும். யுரேனியத்துக்கு அந்த மாத்திரை பயன்படாது. அரசு "இப்போது சாப்பிடு" என்று சொல்லாமல் யாரும் விழுங்கக் கூடாது, பிள்ளைகளுக்கு அளவே வேறு. கடையில் கிடைக்காதது நல்லதே. இரண்டு மூன்று பெட்டி குடிதண்ணீர் வாங்கி வையுங்கள், அது போதும்.

---

நஜ்மாக்காரன் | 24 ஜூன், காலை 11:15

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு ஈரான் அல் உதெய்த் தளத்தை ஏவுகணையால் அடித்தது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

22ஆம் தேதி அமெரிக்கா ஈரானை அடித்ததுமே கிழக்குக்கரை சொன்னது மனதில் ஓடியது. நேற்று மாலை வான்வெளியை மூடுகிறோம் என்று அறிவிப்பு வந்தது. ஏழரை மணிவாக்கில் பால்கனிக் கதவு அதிர்ந்தது. தென்மேற்கே ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சங்கள் ஏறி ஏறி வெடித்தன. கட்டடத்தில் பாதிப் பேர் கீழே ஓடினார்கள், மீதிப் பேர் மொட்டை மாடிக்கு வீடியோ எடுக்க ஓடினார்கள். நாங்கள் ஜன்னல் இல்லாத நடைக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டோம். பெண் தூங்கிவிட்டாள். பையன், "அப்பா இது நமக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று நம் தூதரகமும் சொன்னது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று அரசு அறிவித்தது. நள்ளிரவுக்குப் பிறகு வான்வெளி திறந்தது. டிக்கெட்டை முன்னால் தள்ளி நேற்று இரவுக்கு மாற்றியிருந்த சக ஊழியர் ஒருவர் குடும்பத்தோடு விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார். காலையில் போர்நிறுத்தம் என்று ட்ரம்ப் அறிவித்த செய்தி. அலுவலகம் வந்தால் மேனேஜர் ஜூன் கணக்கு எப்போது முடியும் என்று கேட்கிறார்.

பாஸ்போர்ட் போன வாரமே கைக்கு வந்துவிட்டது, எழுத்தில் கேட்டதும் மறுபேச்சில்லை. மனைவி ஜூலை 4க்கே போகலாம் என்கிறாள். ஆனால் போனால் இந்த வருஷம் முழுக்க அங்கேயே இருந்துவிடவா என்றும் கேட்கிறாள். அதற்கு என்ன சொல்வது?

---

பழைய குவைத்வாசி | 24 ஜூன், மதியம் 12:30

எல்லாரும் நலம் என்று கேட்டதே சந்தோஷம் தம்பி.

இன்றைக்கே அதற்கு பதில் சொல்லாதீர்கள். போய்வர டிக்கெட்டாகவே இருக்கட்டும். கத்தாருக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அவர்களுடைய பத்தாக்கா சிக்கலாகிவிடும், ஆகவே உங்களுக்கு டிசம்பர்வரை நேரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டிசி வாங்காமல், விடுமுறை முடிந்து எத்தனை நாள் தாமதமாக வந்தால் இடம் போகாது என்று மட்டும் விசாரித்து வையுங்கள். ஆகஸ்ட் நடுவில் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். மாமியாரிடம் மட்டும் இப்போதே தேதியைச் சொல்லிவிடுங்கள்.

---

துபாய்மச்சான் | 24 ஜூன், மதியம் 12:48

நான் சொன்னபடி ஒன்றும் ஆகவில்லை பார்த்தீர்களா.

---

கிழக்குக்கரை | 24 ஜூன், மதியம் 12:51

அடேய்.