பவளமல்லி விதையில் வருமா?

திருப்பூர் மாடி:
தெருமுனைப் பிள்ளையார் கோவில் பவளமல்லி ஐப்பசியிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, விடியற்காலையில் அந்தப் பக்கம் போனாலே வாசனை ஆளைத் தூக்குகிறது. காயும் நிறைய இருக்கிறது, பாதி பச்சை, பாதி காய்ந்து பழுப்பு. வேண்டுமளவு எடுத்துக்கோம்மா என்கிறார் பூசாரி. ஆனால் நர்சரியில் கேட்டால் விதையில் வராது, செடிதான் வாங்கணும் என்று அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா? எந்தக் காயை எடுப்பது? ஊறவைக்கணுமா? எனக்கு மொட்டை மாடி மட்டும்தான், தொட்டியில் பூக்குமா?

காவிரிக்கரை:
வராது என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. மழை விட்டதும் அந்த மரத்தடியிலேயே குனிந்து பாருங்கள், சிமெண்ட் பூசாமல் விட்டிருந்தால் நாலு நாற்றாவது தானாக முளைத்து நிற்கும். அதைப் பக்குவமாகப் பெயர்த்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

விதைதான் போடணும் என்றால் பச்சைக் காயைத் தொடாதீர்கள், முற்றியிருக்காது. பழுப்பான தட்டைக் காயை விரலால் பிளந்தால் இரண்டாகப் பிரியும், பக்கத்துக்கு ஒரு விதை. அழுத்திப் பாருங்கள், சப்பென்று போனால் பொக்கு, அதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதனால் தாராளமாகவே பொறுக்கி வாருங்கள். ஒரு ராத்திரி சாதாரணத் தண்ணீரில் ஊறினால் போதும். செம்மண், மணல், மட்கிய எரு மூன்றும் சம அளவு கலந்து அரை அங்குல ஆழத்துக்கு உள்ளேயே வைத்து மூடி, வெயில் நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள், அழுகிப்போவது பெரும்பாலும் அங்கேதான். மூன்று வாரத்திலும் முளைக்கும், ஒன்றரை மாதமும் இழுக்கும், நடுவில் தோண்டிப் பார்க்கக் கூடாது. மார்கழிக் குளிரில் போட்டால் இன்னும் தாமதமாகும், தை கடைசி, மாசியில் போடுங்கள். அதற்காக அடுத்த வருஷம் வரை டப்பாவில் வைத்துவிடாதீர்கள், பழைய விதை சரியாக முளைக்காது.

பதியன் பிரியன்:
எல்லாம் சரி, ஆனால் விதைச் செடி பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகுமே, அதையும் சொல்லுங்கள். பூசாரிதான் தாராளமாக இருக்கிறாரே, ஒரு கிளையில் பட்டையைச் சீவி, மண் வைத்துக் கட்டி, மரத்திலேயே வேர்விட வைத்துப் பதியம் போட்டுக்கொள்ளக் கேளுங்கள், சீக்கிரம் பூக்கும். வெறும் குச்சியை வெட்டி நட்டால் வேர் பிடிப்பது கஷ்டம்.

காவிரிக்கரை:
கோவில் மரத்தில் கத்தி வைக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? காய்க்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இந்தம்மாவுக்கு விதைதான் சரி.

கொல்லைப்புறம்:
மாடியில் தாராளமாகப் பூக்கும், நிழலில் வைத்தால்தான் வெறும் இலையாக நிற்கும். நாற்றில் நாலைந்து இலை வந்ததும் சின்னப் பைக்கு மாற்றுங்கள், நன்றாகப் பிடித்ததும் பதினெட்டு அங்குலத் தொட்டி. அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. பூ ஓய்ந்ததும் கவாத்து பண்ணிவிடுங்கள், இல்லையென்றால் நெடுநெடுவென்று மேலே போய்விடும், புதுக் கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால் வெட்டினால் நஷ்டம் ஒன்றுமில்லை. கோடையில் இலை கொட்டினால் பயந்து தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

நர்சரியில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பவளமல்லியைப் பாரிஜாதம் என்று கேட்டால் வேறு செடியைக் கூடத் தருகிறார்கள். இலையைத் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கணும், இளந்தண்டு நாலு பட்டையாகச் சதுரமாக இருக்கணும்.

திருப்பூர் மாடி:
எல்லாருக்கும் நன்றி. முதலில் மரத்தடியில் நாற்று தேடுகிறேன், இல்லையென்றால் மாசியில் விதை. மாடியில் பூ விழுந்தால் மிதிபடுமே, அதற்கு என்ன செய்வது?

கொல்லைப்புறம்:
சாயங்காலமே செடிக்கடியில் பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். காலையில் அப்படியே அள்ளிச் சாமிக்குப் போடலாம், கீழே விழுந்ததையும் பூஜைக்கு எடுப்பது இந்தப் பூவில் வழக்கம்தானே.