கேமராவில் மட்டும் தெரியும் கறுப்புப் பட்டைகள், சனிக்கிழமை மல்யுத்த நேரலை

கோலாலம்பூரில் ஒரு மல்யுத்த நிகழ்ச்சி, சனிக்கிழமை நேரலை. வீரர்கள் நுழையும் வழிக்குப் பின்னால் WWE-யின் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா பாணியில் (நம்ம பட்ஜெட் அளவுக்குத்தான்) வாடகைக்கு ஒரு எல்இடி சுவர் வைத்திருக்கிறோம். நேரில் பளிச்சென்று இருக்கிறது, கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலே ஊர்கின்றன. ரிங் பக்கம் திருப்பினால் படம் சுத்தம்.

மூன்று மிரர்லெஸ் கேமரா, 1080, நொடிக்கு 50 பிரேம். சுவரின் ரிஃப்ரெஷ் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 1920 ஹெர்ட்ஸ், சுவருக்குப் படத்தை அனுப்பும் பிராசஸர் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. நேற்று ஒத்திகையில் ஷட்டர் வேகத்தை 1/50, 1/60, 1/100 நொடி என்று மாற்றிப் பார்த்தோம், 1/50-ல் கொஞ்சம் குறைகிறது, ஆனால் போகவில்லை. சுவரின் வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் மோசம். கேமராக்களில் ஜென்லாக் (கேமராவையும் சுவரையும் ஒரே நேரத் துடிப்பில் ஓட வைக்கும் வசதி) கிடையாது.

பிராசஸரை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதுமா, இல்லை ஜென்லாக் உள்ள கேமராக்களை வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டுமா?