தேன் மட்டும் போட்டு வீட்லயே மின்ட் மிட்டாய் செய்ய முடியுமா? சீனி, மாவு எதுவும் ஆகாது

கூடல்நகர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல்ல புண்ணு, மாத்திரை போய்க்கிட்டு இருக்கு, அதோட டயட்டீஷியன் எஸ்.சி.டி டயட்டுன்னு ஒண்ணு எழுதிக் கொடுத்துருக்காங்க. அரிசி கிடையாது, இட்லி கிடையாது, கிழங்கு கிடையாது, சீனி வெல்லம் கருப்பட்டி எதுவும் கிடையாது, இனிப்புன்னா தேன் மட்டும்தான். மதுரையில இருந்துக்கிட்டு இட்லி இல்லாம ஒரு பையன வளர்க்கறது எம்புட்டு பெரிய சோலின்னு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. சாப்பாட்டக்கூட எப்படியோ சமாளிச்சுட்டோம், 24 மணி நேரம் தோய்ச்ச தயிரு, முட்டை, மீனு, காய்னு ஓடுது.

இப்ப பிரச்சனை வேற. அவன் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில கவுண்டர்ல நிக்கறான், நாள் பூராம் கஸ்டமர் மூஞ்சிக்கு நேரா பேசணும், வாய் வாடை அடிக்குமோன்னு ஒரே கூச்சம். கடையில விக்கற மின்ட் எதை எடுத்துப் பாத்தாலும் பின்னாடி சீனி, இல்ல சார்பிடால்ங்கற சுகர்ஃப்ரீ இனிப்பு, இல்ல மால்டோடெக்ஸ்ட்ரின்ங்கற மாவுப் பொருள். சுகர்ஃப்ரீன்னு போட்டது இன்னும் மோசம், அது வயித்தையே கலக்கிருது. யூடியூப்ல பாத்தா எல்லாரும் ஐசிங் சுகர்ல பிசையறாங்க, ஒட்டாம இருக்க கார்ன்ஃப்ளார் தூவறாங்க. ரெண்டும் எங்களுக்கு ஆகாது. வெறும் தேனைக் காய்ச்சி பெப்பர்மின்ட் ஆயில் விட்டு தட்டுல ஊத்துனேன், அன்னைக்கு மிட்டாய் மாதிரிதான் இருந்துச்சு, மறுநாள் பாத்தா பசையா இழுக்குது. சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டுப் போற மாதிரி வர ஏதாவது வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உசிலம்பட்டி பாகு:

அக்கா, எங்க வீட்ல கம்மர்கட்டு, கடலை மிட்டாய் போட்டு சித்திரைத் திருவிழாவுக்கு விக்கறது ரொம்ப நாளா உண்டு, அதனால பாகு விசயம் கொஞ்சம் தெரியும். தேன்ல போட முடியும், ஆனா தேன் வெல்லம் மாதிரி சொன்ன பேச்சு கேக்காது. காரணம் என்னன்னா தேன்ல சுமார் 18 சதவீதம் தண்ணி இருக்கு, மிச்சத்துல ஃப்ரக்டோஸ்ங்கற சர்க்கரைதான் கூடுதல், அந்த ஃப்ரக்டோசுக்கு காத்துல இருக்க ஈரத்தை இழுக்கற குணம். உங்களுக்கு மறுநாள் இழுத்ததுக்கு ரெண்டு காரணமும் இருக்கும், பதம் பத்தாம தண்ணி உள்ள நின்னுருக்கும், அப்பறம் மூடாம வச்சதுல வெளி ஈரத்தையும் குடிச்சிருக்கும்.

பதம் 150 டிகிரிக்கு வரணும். சமையல் தெர்மாமீட்டர் வாங்கிருங்க, தேன் விசயத்துல கண்ண நம்ப முடியாது, ஏன்னா அது மொதல்லயே பழுப்பா இருக்கறதால கலர் மாறுறது தெரியாது. தெர்மாமீட்டர் இல்லேன்னா பழைய வழிதான், ஒரு கிண்ணத்துல ஐஸ் தண்ணி வச்சு சொட்டு விட்டுப் பாருங்க. மொதல்ல கரைஞ்சு ஓடும், அப்பறம் விரல்ல உருட்டுனா மெத்துன்னு உருளும், அப்பறம் வளையும், கடைசியா எடுத்து மடக்குனா வளையாம டிக்குன்னு ஒடையணும். கிண்ணத்து ஓரத்துல தட்டுனா கண்ணாடி சத்தம் கேக்கணும். வளையற பதத்துல எறக்குனா அது கண்டிப்பா ஒட்டும்.

பாத்திரம் பெருசா எடுங்க. 200 கிராம் தேனுக்கு ரெண்டு லிட்டர் பாத்திரம்னா சிரிப்பா இருக்கும், ஆனா தேன் பொங்கற பொங்கு பாலை விட மோசம். அடி கனமா இருக்கணும், தீ சிம்ல, கரண்டி விட்டுக்கிட்டே இருக்கணும். 130க்கு மேல போனதும் வேகமா ஏறும், 146ல அடுப்ப அணைச்சிட்டா பாத்திரத்து சூட்டுலயே மிச்சம் ஏறிக்கும். 160 தாண்டுனா கசந்துரும். 200 கிராம் தேன் போட்டா 160 கிராம் சொச்சம்தான் மிட்டாய் கிடைக்கும், மிச்சம் ஆவியா போயிரும், அளவு கொறைஞ்சிருச்சேன்னு பயப்படாதீங்க.

ஆயில் எப்பவும் எறக்குன பிறகுதான், அதுவும் கொதி அடங்கி ஒரு நிமிசம் கழிச்சு. அடுப்புல இருக்கும்போதே விட்டா பாதி வாசம் புகையாவே போயிரும், மூஞ்சியக் கிட்ட கொண்டு போகாதீங்க, கண்ணு எரிச்சல் எடுத்துரும். இந்த அளவுக்கு எட்டு பத்து சொட்டு போதும். நெய் தடவுன எவர்சில்வர் தட்டுல ஸ்பூன்ல மொண்டு சட்டை பட்டன் சைசுக்கு சொட்டு சொட்டா விடுங்க, பரப்பி ஊத்தி அப்பறம் வெட்டுறது தேனுக்கு சரி வராது. ஆறுனதும் உடனே ஒவ்வொண்ணா பட்டர் பேப்பர்ல முறுக்கி டப்பாவுல போட்டு மூடிரணும். மழைக்காலத்துல ஐப்பசி கார்த்திகையில போடாதீங்க, என்ன செஞ்சாலும் வேர்க்கும்.

சிம்மக்கல் சோம்பு:

இம்புட்டு கஷ்டம் எதுக்குங்கறேன். சோம்ப லேசா வறுத்து, ஏலக்காய் விதை, ரெண்டு கிராம்பு சேத்து சின்ன டப்பாவுல போட்டுக் கொடுத்துருங்க, வாடைக்கு அதை மிஞ்சினது இல்ல. கீழமாசி வீதியில கிடைக்காத மசாலா சாமானா? ஓட்டல்ல கொடுக்கற கலர் சோம்பு மட்டும் வாங்கிறாதீங்க, அது மேல பூசியிருக்கறது பூராம் சீனி. அப்பறம் தேன் மிட்டாய்னு பொட்டிக்கடையில விக்கறானே, அதுல பேருதான் தேன், உள்ள அரிசி உளுந்து மாவும் சீனிப் பாகும். யாராவது பாசத்துல வாங்கிக் கொடுத்துறப் போறாங்க, பையன்கிட்ட சொல்லி வைங்க.

நாட்டு வைத்தியம் நம்புறவன்:

தேனைக் காய்ச்சக் கூடாதுங்க. சூடு பண்ணுனா தேன் விஷம்னு ஆயுர்வேதத்துல தெளிவா சொல்லியிருக்கு. ஏற்கனவே வயித்துல புண்ணு இருக்க பையனுக்கு இதைக் கொடுக்கலாமா? யோசிங்க.

பைபாஸ் ரோடு வயித்துவலி:

மேல சொன்னவருக்கு: தேனை சூடு பண்ணுனா எச்.எம்.எஃப்னு ஒரு பொருள் கூடுறது உண்மைதான், தேனோட தரத்தைப் பாக்கறதுக்கே அதை அளப்பாங்க, வெப்ப நாட்டுத் தேனுக்கு கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரைக்கும்னு சர்வதேச அளவே இருக்கு. ஆனா அதே பொருள் வறுத்த காப்பிக்கொட்டையிலயும் ரொட்டியோட கருகுன மேல்பாகத்துலயும் இருக்கு, நாம தினமும் காப்பி குடிச்சுட்டுத்தான இருக்கோம். பட்டன் சைசு மிட்டாய் ஒண்ணு ரெண்டுக்கு விஷம்னு பயமுறுத்த வேணாம். காய்ச்சுனா தேனோட மருந்துக் குணம் போயிரும்னா ஒத்துக்கறேன், இங்க மருந்துக்காக செய்யல, இனிப்புக்காகத்தான் செய்யறாங்க.

அக்கா, உங்ககிட்ட ஒரு விசயம். எனக்கு ஐ.பி.எஸ்ங்கற குடல் எரிச்சல் பிரச்சனை, என்னை ஃபோட்மேப், அதாவது குடல்ல சரியா உறிஞ்சாத சர்க்கரை வகைகளைக் கொறைக்கற டயட்ல வச்சிருந்தாங்க, அதுல தேன் ஆகாது. ஃப்ரக்டோஸ் கூடுதலா இருக்கறதால சில பேருக்கு வாயு, வயித்துப்போக்கு ஆகும். உங்க டயட் வேற கணக்கு, அதுல ஒத்தைச் சர்க்கரை குடல்ல நேரா உறிஞ்சிக்கும், அதனால தேன் சரி, சீனி மாதிரி ரெட்டைச் சர்க்கரையும் மாவும் ஆகாதுங்கறது. நியூயார்க்ல சிட்னி ஹாஸ்னு குழந்தை டாக்டர் ஒருத்தரு சீலியாக்ங்கற கோதுமை ஒத்துக்காத குடல் நோய் வந்த புள்ளைகளுக்குன்னு கொண்டு வந்தது, எலைன் காட்ஷால்ங்கற அம்மா தன் பொண்ணுக்கு இதே கொலைட்டிஸ் வந்தப்ப அவருகிட்ட போய், அப்பறம் அவங்கதான் ஊருக்கெல்லாம் பரப்புனாங்க. ஒரு டயட்ல சரின்னு இருக்கறது இன்னொண்ணுல தப்பா இருக்கும், ரெண்டு டயட்டோட லிஸ்டையும் கலந்து யாராவது வாட்ஸப்ல அனுப்புனா அதைப் பாத்துக் கொழம்பாதீங்க. 2021ல அமெரிக்காவுல கிரோன்ஸ்ங்கற இன்னொரு குடல் நோய் இருக்கவங்களை வச்சு இந்த எஸ்.சி.டியையும் மத்தியதரைக்கடல் பக்கத்து சாப்பாட்டையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டுக்கும் பெரிசா வித்தியாசம் தெரியலன்னுதான் வந்துச்சு. அது கிரோன்ஸ், உங்க பையனுக்கு கொலைட்டிஸ், இருந்தாலும் இம்புட்டு கட்டுப்பாடு எத்தனை நாளைக்குன்னு அடுத்த தடவை டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க. மாத்திரைய மட்டும் டயட்ட நம்பி நிறுத்திறாதீங்க.

மொதல்ல ஒண்ணு ரெண்டு மட்டும் கொடுத்துப் பாருங்க. சார்பிடாலுக்கு கலக்குன வயிறு தேனுக்கும் கலக்குதான்னு தெரிஞ்சிரும்.

அண்ணாநகர் பல்லு:

நான் ஒரு பல் கிளினிக்ல வேலை பாக்கறேன். யாரும் சொல்லாததை சொல்றேன். மின்ட் வாடைய மறைக்கும், போக்காது. வாய் வாடை பெரும்பாலும் நாக்கோட பின்பக்கம் படியற வெள்ளைப் படிவத்துல இருந்தும் ஈறுல இருந்தும்தான் வருது, அங்க கிருமி புரதத்தை சிதைக்கும்போது கந்தக வாயு வரும், அதான் அந்த நாத்தம். பையன் சாப்பிடறது முட்டை மீனு தயிருன்னு சொல்றீங்க, கடையில ஏசி, நாள் பூராம் பேச்சு, போதாததுக்கு வயித்துப்போக்குல தண்ணி வேற போகும். வாய் காஞ்சா எச்சில் கொறையும், எச்சில் கொறைஞ்சா வாடை கூடும். மொதல்ல தண்ணி பாட்டில் ஒண்ணு கவுண்டர்லயே வைக்கச் சொல்லுங்க, வெள்ளன பல்லு விளக்கும்போது நாக்கு வழிச்சு விடச் சொல்லுங்க, ராத்திரியும் வழிக்கணும், நம்மாளுங்க காலையில மட்டும்தான் வழிப்பாங்க.

நீங்க காய்ச்சற தேன் மிட்டாயும் பல்லுக்கு சீனி மிட்டாய் மாதிரிதான். கரைய கரைய பல்லு மேல அமிலம் நிக்கும், அதனால மணிக்கு ஒண்ணுன்னு சப்பிக்கிட்டே இருந்தா ஒரு வருசத்துல எங்க கிளினிக்குக்கு வந்துருவான். சாப்பாட்டுக்கு அப்பறம் ஒண்ணு, சாயங்காலம் கூட்ட நேரத்துல ஒண்ணு, ஒவ்வொண்ணு முடிஞ்சதும் தண்ணி கொப்பளிக்கணும். மத்த நேரம் சிம்மக்கல்காரர் சொன்ன சோம்பு ஏலக்காய்தான் நல்லது. நெஞ்செரிச்சல் இருக்கான்னும் பாத்துக்கங்க, பெப்பர்மின்ட் உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற வாய தளர்த்தி விடும், எரிச்சல் கூடும்.

கூடல்நகர் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாக்கு விசயம் எனக்குத் தோணவே இல்ல. உசிலம்பட்டி தம்பி, ரெண்டு சந்தேகம். ஆயில் வேணாம்னு வீட்டுப் புதினாவ காய வச்சுப் பொடிச்சுப் போட்டா வருமா? அப்பறம் தேன் எங்க வாங்குறது, எல்லாத்துலயும் சர்க்கரைப் பாகு கலக்கறாய்ங்கன்னு சொல்றாங்களே, அப்ப டயட்டே வீணாப் போயிருமே?

உசிலம்பட்டி பாகு:

புதினாப் பொடி போட்டா மிட்டாய் சட்னி வாசம் அடிக்கும் அக்கா. நம்ம பிரியாணிக்குப் போடற புதினாவும் பெப்பர்மின்ட்டும் வேற வேற செடி, நம்மதுல அந்த ஜில்லுன்னு இருக்கற மென்தால் ரொம்பக் கம்மி. ஆயில்தான் சரி, ஆனா சாப்பாட்டுக்குன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, ரூம்ல வாசத்துக்கு வைக்கறது, நெத்தியில தடவறது எல்லாம் வேணாம். மின்ட் எசென்ஸ்னு வர்றதுல வேற என்னென்னமோ கலந்திருக்கும், உங்க டயட்டுக்கு பாட்டில் பின்னாடி படிச்சுட்டு வாங்குங்க. சின்னக் கொழந்தை யாராவது வீட்ல இருந்தா ஆயில் பாட்டில மேல வச்சிருங்க. ஒரு வயசுக்குக் கீழ உள்ள கொழந்தைக்கு தேனே நாக்குல வைக்கக் கூடாது, இந்த மிட்டாயும் அப்படித்தான்.

தேன் கதை பெரிய கதை. 2020 டிசம்பர்ல டெல்லியில இருக்க சி.எஸ்.ஈங்கற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு பெரிய பெரிய கம்பெனித் தேன்லயே சர்க்கரைப் பாகு கலந்திருக்குன்னு ஜெர்மனியில என்.எம்.ஆர்ங்கற நுட்பமான கலப்பட டெஸ்ட் பண்ணி வெளியிட்டாங்க. தண்ணில சொட்டு விட்டா கரையாம அடியில நிக்கணும், தீக்குச்சிய முக்கி உரசுனா எரியணும்னு சொல்றதெல்லாம் நம்பாதீங்க, கெட்டியான பாகும் அதே மாதிரி நிக்கும். உறைஞ்சு போன தேனு கலப்படம்னு சொல்றதும் தப்பு, குளுக்கோஸ் கூடுதலா இருந்தா நல்ல தேனும் உறையும், சொல்லப்போனா மிட்டாய்க்கு அதுதான் நமக்கு வசதி, ஃப்ரக்டோஸ் கம்மியா இருந்தா ஒட்டுறதும் கம்மி. மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தேன் அப்படித்தான் சீக்கிரம் உறையும். கொடைக்கானல் மலைத்தேன்னு ரோட்டோரம் பாட்டில்ல விக்கறத டயட் பையனுக்கு வாங்காதீங்க. பொட்டி வச்சு தேனீ வளக்கறவங்ககிட்ட நேர்ல போயி, அடை எடுக்கறதப் பாத்து வாங்குனா மனசுக்கு நிம்மதி, சிறுமலை, நத்தம் பக்கம் விசாரிச்சுப் பாருங்க.

பைபாஸ் ரோடு வயித்துவலி:

ஒண்ணு கேக்கணும் தம்பி, காய்ச்சாம செய்ய முடியாதா? வெளிநாட்டுக்காரங்க தேங்காய் எண்ணெயில தேன் கலந்து ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுக்கறாங்களே.

உசிலம்பட்டி பாகு:

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலயே உருகிரும். பங்குனி வெயில்ல மாட்டுத்தாவணியில பஸ் எறங்கறதுக்குள்ள பாக்கெட் பூராம் எண்ணெயாயிரும். ஜிகர்தண்டாவுக்கு போடற பாதாம் பிசின், கடல்பாசி வச்சு கெட்டிப்படுத்தலாம்னு யாராவது சொல்லுவாங்க, அந்தப் பிசின் வகையும் அக்காவோட டயட்ல வராது. காய்ச்சறதுதான் ஒரே வழி.

பையன் கடைக்கு அன்னன்னைக்கு ரெண்டு மூணு மட்டும் கொடுத்து விடுங்க, மிச்சம் டப்பாவோட ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும். எடுக்கும்போது டப்பா மேல வேர்க்கறது அடங்குன பிறகு தொறங்க, ஜில்லுன்னு இருக்கையிலேயே தொறந்தா அந்த ஈரம் மிட்டாய் மேல எறங்கிரும். அப்பறம் காய்ச்சுன பாத்திரத்த சுரண்டாதீங்க, தண்ணி ஊத்தி அடுப்புலயே வச்சு ஒரு கொதி விட்டா தானா விட்டுரும்.