பிரேக் போன லாரி ஏறி நிற்கும் இடம்: சொல் வேண்டும், அவசரம்

செ.:
தருமபுரி–சேலம் சுங்கச்சாலையில் தொப்பூர் கணவாய் இறங்கும் லாரி ஓட்டுநர்களுக்கான கையேடு இது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறார்கள். பிரேக் மட்டுமே பாரம் தாங்க, டிரம் சூடேறிப் பிடிப்பு போகிறது. அப்படிப்பட்ட வண்டி ஏறி நிற்க மலைச்சாலைகளில் ஓரமாக உதிரிக்கல் கொட்டிய மேடு அமைப்பார்களே, அதற்கு என்ன சொல்? இப்போதைக்குத் 'தப்புப் பாதை'. நாளை மாலை அச்சுக்குப் போகிறது.

மு.:
அப்படிப் பலகை வைத்தால் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். புறம் 102 பாருங்கள்: பள்ளமோ மேடோ, என்ன ஆகுமோ என்று உப்பு வணிகரான உமணர் வண்டிக்கடியில் கட்டிய மாற்று அச்சு, 'சேம அச்சு'. ஔவை பாடியது அதியமான் மகனை, அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. 'சேமச்சரிவு' என்க.

இரா.:
சேமம் வடசொல். அதே பாதுகாப்புப் பொருளில் ஏமம் இருக்கிறதே! 'ஏமப்பாதை'.

மு.:
முன்னால் 'ச்' சேர்ந்து ஏண் சேண் ஆனதுபோல ஏமமே சேமமாயிற்று என்பாரும் உண்டு.

க.:
லாரிக்காரருக்கு ஏமம் என்றால் ஏமாற்றுதான் நினைவு வரும். பெயரில் கல் இருக்கட்டும், ஆனால் ஜல்லி வேண்டாம். உடைத்த ஜல்லி முனைக்கு முனை கோத்து இறுகும், சக்கரம் புதையாது. உருண்டைக் கூழாங்கல், ஒரே அளவு, சுமார் ஒரு மீட்டர் ஆழம், உருளை ஓட்டி இறுக்காமல். 100 கி.மீ. வேகத்தில் வரும் லாரி 5% ஏற்றத்தில் இதில் ஏறத்தாழ 130 மீட்டரில் நிற்கும். உதிரி ஜல்லியில் 390 ஆகும். நுழைவில் ஆழம் 7–8 செ.மீ. போதும், போகப்போகக் கூட்ட வேண்டும். இல்லையேல் வண்டி வெட்டி இழுக்கும். வடிகால் இல்லாவிட்டால் மண் சேர்ந்து வெறும் ரோடாகிவிடும். ஆகவே 'கூழாங்கல் படுகை'.

மு.:
காவிரிப் படுகையா? நெல் நடலாம்.

ந.:
'ஒதுங்குபாதை'?

க.:
ஒதுங்கத்தான் நிறுத்துவார்கள்! படுகையின் வாயில் ஒரு லாரி நின்றாலே அது வீண்.

செ.:
கையேட்டில் 'கூழாங்கல் ஒதுங்குபாதை'; பலகைக்குப் படமும், 'பிரேக் பிடிக்காத வண்டிக்கு மட்டும், நிறுத்தாதீர்' என்ற வரியும். நால்வரில் மூவருக்குச் சரி என்று கொள்கிறேன்.

இரா.:
எனக்கில்லை. 'பிரேக்'கை எப்போது எடுப்பீர்கள்?