விடைத்தாளை வைத்துவிட்டுக் கதையை எடுத்தபோது: ஆசிரியர்கள் பகிர்ந்தவை

மொழி ஆசிரியை:
எங்கள் பள்ளியில் தினமும் கொஞ்ச நேரம் மௌன வாசிப்பு என்று அறிவித்தார்கள். மாணவர்கள் விரும்பியதை வாசிக்கலாம். கேள்வி கிடையாது, மதிப்பெண் கிடையாது. 1960களில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் லைமன் ஹன்ட் முன்வைத்த முறை இது. ஆசிரியரும் அவர்கள் கண்முன் வாசிக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். அந்த நேரத்தில் விடைத்தாள் திருத்திவிடலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு தலைமையாசிரியரிடம் பலிக்கவில்லை.

வேறு வழியின்றி ஒரு துப்பறியும் கதையை எடுத்தேன். சில நாட்களில் கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன், "கொலையாளி யார் டீச்சர்?" என்றான். "எனக்கே இன்னும் தெரியாதப்பா" என்றேன். வகுப்பில் நான் கேட்பதும் என்னிடம் கேட்கப்படுவதும் எல்லாமே விடை தெரிந்த கேள்விகள். இது அப்படியில்லை என்பது அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். நூலகத்தில் இன்னொரு பிரதியைத் தேடி எடுத்து எனக்கு முன்பே முடித்துவிட்டான். முடித்தவன் சும்மா இருந்தானா? நான் பக்கம் திருப்பும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அதன்பின் எனக்கு விடுமுறை நாளிலும் கையில் ஒரு புத்தகம் இல்லாமல் இருக்க முடிவதில்லை.

கணித ஆசிரியர்:
எனக்குத் தடையாக இருந்தது என் தொழில்தான் அம்மா. எதைப் படித்தாலும் கை பென்சிலைத் தேடும். எந்த வரி வகுப்புக்கு உதவும் என்று மனம் கணக்கெடுக்கும். ஆசிரியராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் தனியேல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். வாசிக்காமலிருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை என்று தொடங்கும். மூன்றாவதுதான் என்னைக் காப்பாற்றியது. பாடத்திட்டத்தை முடித்தே பழகியவனுக்குப் பாதியில் மூடி வைப்பது எவ்வளவு பெரிய விடுதலை! பிடிக்காததை விட்டபிறகுதான் பிடித்தது கைக்கு வந்தது.

ஆசிரியப் பயிற்றுநர்:
'பேதுரு விளைவு' என்று ஒன்றைச் சொல்வார்கள். பிச்சை கேட்டவனிடம் "வெள்ளியும் பொன்னும் என்னிடமில்லை" என்றார் விவிலியத்தில் இயேசுவின் சீடர் பேதுரு. தன்னிடம் இல்லாத வாசிப்பு ஆர்வத்தை ஆசிரியர் எப்படிக் கொடுப்பார் என்று 2004இல் ஆப்பிள்கேட் தம்பதியர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. ஓரளவு உண்மைதான். ஆனால் நேரம் தராத பள்ளியை விட்டுவிட்டு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல அதை எடுத்துக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

நான் பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியர் அறையில் வாசிப்புக் கூட்டம் நன்றாக நடந்தது. மாதாந்தர அறிக்கை கேட்டார்கள்; கலைந்தது. பிறகு யாரோ வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் சில புத்தகங்களைப் போட்டு வைக்க, எடுப்பதும் வைப்பதும் தானாகத் தொடங்கியது. அதிகம் எடுத்தவர் உடற்கல்வி ஆசிரியர். மலையேற்ற அனுபவங்களாகத் தேடித் தேடிப் படித்தார். மைதானத்தில் ஓய்வு நேரத்தில் அவரைச் சுற்றிப் பையன்கள் கூடிவிடுவார்கள். அந்த நூல்களை வாங்கச் சொல்லி நூலகருக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

கணித ஆசிரியர்:
அறிக்கை எங்களிடமும் கேட்கிறார்கள் அம்மா, எத்தனை புத்தகம் படித்தீர்கள் என்று. நான் பாதியில் விட்டவற்றையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறேன்.